தீவின் கனியும் தீயின் அவியும்

நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் எழுந்த சிறு சொற்போரே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அன்பர் ஒருவர் தாம் இயற்றிய அம்மை வணக்கப் பாடலைப் படித்தார். அம்மையின் திருவாய் மணத்தைப் பாடுமிடத்தில் 'சாதி' என்னும் சொல்லை ஆண்டிருந்தார். "இங்கே சாதி என்றது மலரையா, காயையா?" என்று ஒருவர் வினவினார். மலர்தான் என்று சிலரும், காய்தான் என்று சிலரும் வழக்காடினர். மூன்றாமவர் ஒருவர், "காய் என்றால் அது கடல்கடந்த சரக்காயிற்றே, அம்மையின் வாயில் அதற்கு என்ன வேலை?" என்று நகைத்தார். அந்நகைப்போடு கூட்டம் கலைந்தது. வினா மட்டும் என்னுள் கலையவில்லை. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அவ்வினாவுக்கே விடை தேடலாம் எனத் துணிந்தேன்.

சொல்லும் பொருளும்

'ஜாதி' என்னும் வடசொல் மல்லிகை இனத்து மலர் ஒன்றுக்கும் பெயர். சாதிக்காய் மரத்துக்கும் பெயர். தமிழில் அது 'சாதி' ஆகி, சாதிமல்லிகை, சாதிக்காய், சாதிபத்திரி என மூன்று சொற்களில் நிலைத்தது. குடமுழுக்கின்போது திருமேனியைப் பீடத்தில் பொருத்தும் அட்டபந்தன மருந்தில் சேரும் சாதிலிங்கமோ இவற்றோடு உறவில்லாத செந்நிறக் கனிமம். பெயரொப்புமை கண்டு அதனையும் சாதிக்காயையும் ஒன்றென மயங்குவாரும் உளர். இம்மயக்கம் நேராதிருக்கவே போலும், வடநூலார் காயை 'ஜாதீபலம்' என்றும் 'ஜாதீகோசம்' என்றும் தனித்துக் குறித்தனர். அமரகோசத்தில் இவ்விரு பெயர்களும் காணக்கிடக்கின்றன.

பெயர்கள் இன்னொரு செய்தியையும் சொல்கின்றன. சாதிக்காய்ப் பழம் வெளிர்மஞ்சள் நிறத்தது. முற்றியதும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே கருமையாய் மினுங்கும் ஓட்டைச் செந்நிற வலைபோல் ஒன்று தழுவியிருக்கும், அதுவே பத்திரி. ஓட்டை உடைத்தால் கிடைக்கும் பருப்பே நாம் சாதிக்காய் என்பது. ஆகவே காய் எனப்படுவது காயன்று, விதை. 'இலை' எனப் பொருள்படும் பத்திரி இலையன்று, விதையைப் போர்த்த சதை. மரத்தை ஒருநாளும் காணாது, உலர்ந்து வந்த சரக்கை மட்டுமே கண்டவர்கள் இட்ட பெயர்கள் இவை என்று கருதத் தோன்றுகிறது. மலாய் மொழியில் சாதிக்காயைப் 'பாலா' என்பர். கனி எனப் பொருள்படும் 'பலம்' என்னும் வடசொல்லின் திரிபே அது என்பர் சொல்லாராய்ச்சியாளர். சரக்கு மேற்கே வர, பெயர் கிழக்கே சென்றது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இவ்வினத்து மரம் ஒன்று உண்டு. காட்டுச் சாதிக்காய் என்று அதனை வழங்குவர். உருவம் ஒத்திருந்தும் மணம் இல்லாமையால், நல்ல சாதிக்காயோடு கலப்படம் செய்வதற்கே அது பெரிதும் பயன்பட்டது. அருகிலிருந்த மரத்தில் மணமில்லை. மணமிருந்த மரம் அருகில் இல்லை.

மூன்று வாய்கள்

சாதிக்காய் வழிபாட்டுக்குள் வந்த வழியை ஆராய்ந்தால், அது மூன்று வாய்களைக் கடந்து வந்தமை புலனாகும். முதலாவது மனிதனின் வாய். சரக சங்கிதை நாள்தோறும் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கங்களைக் கூறுமிடத்தில், வாய்த் தூய்மையும் சுவையும் நறுமணமும் வேண்டுவோர் வாயில் அடக்கிக்கொள்ளத்தக்கவற்றை எண்ணுகிறது. சாதிக்காய், பாக்கு, இலவங்கம், தக்கோலம், வெற்றிலை, கர்ப்பூரம், ஏலம் ஆகியன அவ்வரிசையில் உள்ளன. அங்கே அது வழிபாட்டுப் பொருளன்று. உடலோம்பலுக்கு உரிய பொருள்.

இரண்டாவது மன்னன் வாய். 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் பிருகத் சங்கிதையில் நறுமணக் கூட்டுகளுக்கென்றே தனி இயல் வகுத்தார். கத்தூரி, கர்ப்பூரம் முதலியவற்றோடு சாதிக்காயும் அங்கே இடம்பெறுகிறது. அரண்மனையிலும் செல்வர் மனையிலும் விலையுயர்ந்த இன்பப் பொருளாக அது விளங்கியமை இதனால் பெறப்படும். தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து வணிகரைக் கூறுமிடத்தில் 'வாசவர்' என்றொரு சொல் வருகிறது. பஞ்சவாசம் விற்போர் என்று அதற்குப் பொருள் கொள்வது உரைமரபு. தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கர்ப்பூரம், சாதி என்பன அவ்வைந்து வாசங்கள். வெற்றிலையோடு கூட்டி மெல்லும் முகவாசம் இது. ஆதலின் இங்கே சாதி என்றது காயையே ஆம்.

மூன்றாவது இறைவனின் வாய். திருக்கோயில் வழிபாடு, இறைவனை மன்னர்க்கு மன்னனாகக் கொண்டு அவனைத் துயிலெழுப்பி, நீராட்டி, ஆடை புனைந்து, அமுதூட்டி, இறுதியில் தாம்பூலம் அளிப்பது. அரசனுக்கு உவப்பானவை எல்லாம் ஆண்டவனுக்கும் உபசாரமாயின. மாதவனின் திருவாய் மணம் எத்தகையது என்று ஆண்டாள் வெண்சங்கை வினவினாள். அவள் ஐயுற்ற மணங்களுள் ஒன்று, தாம்பூலத்தில் சேரும் கர்ப்பூரம் என்பதை நாம் அறிவோம்.

நம் அன்பரின் பாடலுக்கு விடை இவ்விடத்தில்தான் கிடைக்கிறது. அம்மையின் தாம்பூல மணம் திசையெல்லாம் பரவி ஈர்ப்பதாகக் கூறும் திருநாமம் ஒன்று லலிதா சகசிரநாமத்தில் உண்டு. அதற்கு உரை வரைந்த பாஸ்கரராயர் 18ஆம் நூற்றாண்டினர். தஞ்சை நாட்டுக் காவிரிக் கரையில் வாழ்ந்தவர். 'கர்ப்பூர வீடிகை' எனப்படும் அத்தாம்பூலத்தில் சேர்வன யாவை என அவர் உரை எண்ணும்போது, ஏலம், இலவங்கம், கர்ப்பூரம், கத்தூரி, குங்குமப்பூ முதலியவற்றோடு சாதிக்காயையும் சேர்த்துள்ளது. ஆகவே அம்மையின் வாயில் மணக்கும் சாதி, மலரினும் காயாதற்கே பொருத்தம் மிகுதி. வழக்கு இத்துடன் முடிந்தது எனலாம். ஆனால் மூன்றாமவர் நகைத்துக் கேட்ட கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது.

வழிபாட்டில் பெற்ற இடம்

தாம்பூலத்தோடு சாதிக்காயின் இடம் முடிந்துவிடவில்லை. பெருமாள் கோயில்களிலும் வைணவர் இல்லங்களிலும் தீர்த்தத்தில் சேர்க்கும் பொடியில் ஏலம், இலவங்கம், பச்சைக் கர்ப்பூரம் ஆகியவற்றோடு சாதிக்காயும் சாதிபத்திரியும் கலப்பதுண்டு. கும்பம் நிறுவுங்கால் அதன் நீரில் இடும் வாசனைத் திரவியங்களிலும் இவை உண்டு. சர்க்கரைப் பொங்கல் இறக்கும் வேளையில் சாதிக்காயைச் சிறிதே உரசிச் சேர்ப்பது பல வீடுகளின் கைப்பக்குவம்.

நீரை நறுமணமூட்டி இறைவனுக்குப் படைக்கும் வழக்கம் பழமையானது. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, திருமஞ்சன நீரில் இடுதற்கு ஏலவரிசி, செண்பக மொட்டு, இலாமச்சம் ஆகியன வாங்குவதற்காக முதல் வைத்த செய்தியைக் கூறுகிறது. அப்பட்டியலில் சாதிக்காய் இல்லை. உள்நாட்டு மணங்களால் தொடங்கிய மரபில், பின்னர் வெளியிலிருந்து வந்த மணங்களும் இடம்பிடித்தன என்று கொள்வது பொருந்தும்.

இவை எல்லாவற்றினும் சிறந்த இடம் வேள்வித்தீயில் அதற்குக் கிடைத்தது. வேள்வியின் முடிவில் செய்யும் பூரணாகுதியின்போது கொப்பரைத் தேங்காயோடும் பட்டோடும் வாசனைத் திரவியங்களைச் சேர்த்துத் தீயில் இடுவர். ஏலம், கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி, பச்சைக் கர்ப்பூரம் ஆகியவற்றை நாட்டு மருந்துக் கடையில் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவர். தேவர்களின் வாய் தீயே என்பது வேதநெறியின் துணிபு. மனிதன் வாயில் தொடங்கிய பயணம் தேவர் வாயில் நிறைவுற்றது.

நம் வீடுகளில் இதே காய்க்கு இன்னொரு வாயும் உண்டு. பச்சிளங் குழந்தைக்கு உரைமருந்து உரசும் பாட்டியரின் பெட்டியில் வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு ஆகியவற்றோடு சாதிக்காயும் இருக்கும். ஓரிரு இழைப்புக்கு மேல் இழைக்க அவர்கள் விடமாட்டார்கள். மிகுந்தால் மயக்கம் தரும் என்பது அவர்தம் பட்டறிவு. இறைவனுக்கும் மழலைக்கும் ஒரே காயைத் தேர்ந்த மரபு நம்முடையது.

கடல் தந்த பொருள்

இக்காய் எங்கிருந்து வந்தது? 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் உலகின் சாதிக்காய் ஏறத்தாழ முழுவதும் ஒரே இடத்திலிருந்தே வந்தது. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குக் கடற்பகுதியில், பாண்டா என்னும் சின்னஞ்சிறு தீவுக் கூட்டமே அவ்விடம். எரிமலை ஒன்றைச் சூழ்ந்த நெய்ரா, லொந்தோர், ஆய், ருன் முதலிய அத்தீவுகள், நிலப்படத்தில் தூவிய கடுகு மணிகளைப் போன்றவை. ஆய்த் தீவில் கிடைத்த மட்கலச் சில்லில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட சாதிக்காய் எச்சம் இருந்ததென 2018இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

அங்கிருந்து மேற்கே வந்த வழிக்கும் சான்று கிட்டியுள்ளது. தென்வியட்நாமின் ஓக்கியோ என்னும் பழந்துறைமுகத்தில் நம் அம்மியை ஒத்த அரைகல் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. மஞ்சள், இஞ்சி, கிராம்பு, சாதிக்காய் முதலியவற்றின் எச்சங்கள் அதில் ஒட்டியிருந்தன என 2023இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த சாதிக்காய் விதை ஒன்றும் அவ்வூரில் மணம் மாறாமல் கிடைத்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டத் துறையில், மலுக்குக் கடலின் மற்றொரு விளைபொருளான கிராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட அடுக்கில் கிடைத்தது. சுமத்திராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088இல் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தனர். கீழைக்கடலின் மணப்பொருள்கள் கைமாறி வந்த பெருவழியில் தமிழர் நடமாடியமைக்கு இது கற்சான்று.

இவ்விடத்தில் ஒரு முரண் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. பௌதாயன தருமசூத்திரம், ஒருவனைக் குலநிலையினின்று வீழ்த்தும் செயல்களுள் கடற்பயணத்தையும் வைத்தது. கடல் கடந்த மனிதன் சாதி இழந்தான். கடல் கடந்த சாதிக்காயோ வேள்வித்தீயின் முன்வரிசையில் அமர்ந்தது. எந்த மண்ணில் விளைந்தாய், யார் கையால் பறிக்கப்பட்டாய், எம்மதத்தார் மரக்கலத்தில் வந்தாய் என்று எந்தப் புரோகிதரும் அக்காயைக் கேட்டதில்லை. பொருளிடம் கேளாத கேள்விகளை மனிதரிடம் மட்டும் கேட்டது நம் சமுதாயம்.

துணிக்கு ஈடாய்

பாண்டா மக்கள் சாதிக்காயைப் பொன்னுக்கு மட்டும் விற்றாரல்லர். அரிசிக்கும் சவ்வரிசிக்கும் துணிக்கும் மாற்றினர். அத்துணியில் பெரும்பகுதி இந்தியத் துணி. சிறப்பாகச் சோழமண்டலக் கரையின் துணி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தோன்றியதும் இவ்வுண்மையை விரைவில் உணர்ந்தது. சோழமண்டலத்துத் துணி இல்லையேல் மலுக்கு வாணிகம் உயிரற்றது என்று கண்ட அக்கம்பெனியின் அதிகாரி எந்திரிக் பிரௌவர், 1612இல் இக்கரையை மலுக்குவின் இடக்கைக்கு ஒப்பிட்டார். அடுத்த ஆண்டிலேயே பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டை உறுதிபெற்றது.

நம் நெசவாளர் தறியில் ஓடிய நாடாவுக்கும் பாண்டாத் தீவின் மரக்கிளைக்கும் இடையே ஓர் இழை ஓடிக்கொண்டிருந்தது. அவ்விழையின் இரு முனையிலும் இருந்தவர் ஒருவரையொருவர் கண்டதில்லை. இழையைப் பிடித்திருந்த கைகள் வேறு. அதே பழவேற்காட்டிலிருந்து 1620களில் துணியோடு மனிதரையும் அடிமைகளாக விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றது அக்கம்பெனி.

1621

போர்த்துக்கீசியர் 1512இலேயே பாண்டாவை அடைந்தனர். எனினும் அதனை ஆளவில்லை. டச்சுக்காரர் வேண்டியது வாணிகம் மட்டுமன்று, தனியுரிமை. தமக்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்று ஒப்பந்தங்களில் கையொப்பம் பெற்றனர். தலைமுறை தலைமுறையாகச் சாவகருக்கும் மலாயருக்கும் பிறருக்கும் விற்றுவந்த தீவினர் அவ்வுடன்படிக்கைக்கு அடங்கவில்லை. 1621இல் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் பெரும்படையோடு வந்தார். தீவின் தலைவர்கள் 44 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஊர்கள் தீக்கிரையாயின. மலையுச்சிகளுக்கு ஓடியவர்கள் பசியால் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டனர். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியோர் 1,000 பேர் அளவே என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

மரங்கள் நின்றன, மக்கள் இல்லை. நிலம் 68 தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அடிமைகளின் உழைப்பால் காய் பறிக்கப்பட்டது. வேறெங்கும் முளைத்துவிடாதபடி காய்களைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினர். 1667இல் பிரெடா உடன்படிக்கையின்படி, ஆங்கிலேயர் உரிமை கோரிய ருன் தீவு டச்சுக்காரர்க்கு உறுதியாயிற்று. இன்று நியூயார்க் நகரின் பகுதியாக உள்ள மன்காட்டன் தீவு ஆங்கிலேயர் கையில் நிலைத்தது. உலகின் அரசியல் அன்று ஒரு விதையைச் சுற்றிச் சுழன்றது.

தப்பியோரின் வரலாறு, சொல்லை வாழ்வாகக் கொண்ட நம்போன்றோரின் நெஞ்சைத் தொடுவது. படகேறித் தப்பிய சிலர் தென்கிழக்கே உள்ள கேய்த் தீவுகளை அடைந்து, தம் ஊர்ப்பெயரைத் தாங்கிய இரு குடியிருப்புகளை அமைத்தனர். பாண்டா எலி, பாண்டா எலாட் என்பன அவை. பழைய பாண்டா மொழி இன்று பேசப்படுவது அங்கேதான். பாண்டாத் தீவுகளில் அது வழங்குவதில்லை. மண் ஓரிடம், மொழி வேறிடம். மரம் தன் மண்ணிலேயே நிற்கிறது. அம்மரத்துக்கு முதற்பெயர் இட்ட நாவோ நான்கு நூற்றாண்டுகளாக அயல்மண்ணில் பேசிக்கொண்டிருக்கிறது. ஈழத்தினின்று பெயர்ந்து உலகெங்கும் தமிழ் பேசி வாழும் நம் உறவினரை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் வலி புரியும்.

தனியுரிமை நிலைக்கவில்லை. 1770இல் பிரெஞ்சுக்காரர் சாதிக்காய்க் கன்றுகளை மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். ஆங்கிலேயர் பினாங்கிலும் பிற இடங்களிலும் நட்டனர். குற்றாலத்திலும், பின்னர் நீலகிரிச் சரிவின் பர்லியாற்றிலும் அவர்கள் அமைத்த தோட்டங்களில் சாதிக்காய் வேரூன்றியது. இன்று கேரளத்தின் திருச்சூர், எறணாகுளம் பகுதிகளிலும், நம் ஆனைமலை, பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் நிழலிலும் அது காய்க்கிறது. கடல்கடந்த சரக்கு என்று நகைத்த அன்பர் பொள்ளாச்சிக்குச் சென்றால் மரத்தையே காணலாம்.

நாவலந்தீவும் பாண்டாத் தீவும்

வேள்வி தொடங்குமுன் செய்யும் சங்கற்பத்தில், செய்வோன் தான் நிற்கும் இடத்தைக் கூறுகிறான். நாவலந்தீவில், பாரத வருடத்தில், மேருவின் தென்பால், இன்ன ஆண்டில், இன்ன திங்களில், இன்ன நாளில் என்று இடத்தையும் காலத்தையும் அவ்வளவு நுட்பமாகக் கூறுவது அம்மரபு. தான் எங்கே நிற்கிறேன் என்பதை மறவாதவன், தன் கையிலுள்ள பொருள் எங்கே நின்றது என்பதைக் கூறுவதில்லை. இதனைக் குறையெனச் சொல்லவில்லை. மந்திரம் வரலாற்று நூலன்று. அது மறந்ததை நினைவூட்டுவது வரலாற்றின் கடமை. அந்நினைவை வாடாது வைத்திருப்பது கவிதையின் கடமை.

சாதிக்காயை வழிபாட்டினின்று விலக்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. அயலினின்று வந்த நறுமணத்தை அயலென்று தள்ளாமல் இறைவன் வாயருகே கொண்டுசென்ற மனம் போற்றத்தக்கது. அந்தப் பெருமனம் மனிதரிடத்தும் செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். காயை ஏற்ற தீ, காயைப் பறித்த கையையும் ஏற்றிருக்கும். இடையில் நின்று சாதி கேட்டவர் நாமே.

அன்பரின் பாடலில் வந்த 'சாதி' காயே என்று முடிபு கூறினேன். அதனை அவர் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த முறை அப்பாடலைப் படிக்கும்போது அம்மையின் வாய்மணத்தில், பெயரறியாத நெசவாளர் சிலரும், ஊரிழந்த தீவினர் பலரும் கலந்திருக்கிறார்கள் என்று நாம் கேட்டால் போதும். பூரணாகுதியின் புகை மேலெழும்போது, எங்கோ கேய்த் தீவின் கரையில் ஒரு கிழவி தன் மொழியில் அம்மரத்தின் பெயரை உச்சரித்துக்கொண்டிருக்கலாம். வட்டம் அடுத்த பத்தாண்டுக்குள் அடியெடுத்து வைக்கும் இவ்வேளையில், ஒரு சொல்லுக்குள் எத்தனை கடல்கள் அடங்கியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம் கூட்டங்களில் வளர்க.